ஆறாவது மாடிக்காரர்கள்

ஒரு கட்டடம் காலியாவதற்கு வாடகை காரணமில்லை, பார்க்கிங் காரணமில்லை, பாதி வழியில் நின்றுபோகிற லிஃப்ட்கூடக் காரணமில்லை என்று மேனேஜருக்குப் புரிந்தபோது பாதிக் கட்டடம் காலியாகிவிட்டிருந்தது. புரியவைத்தவர் இரண்டாவது மாடியில் விளம்பரக் கம்பெனி வைத்திருந்தவர். காலி செய்கிற அன்று சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்.

"வாடகையெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும் சார். மேலயும் ஆள் இல்ல, கீழயும் ஆள் இல்ல. பாத்ரூம் போயிட்டு வந்தா நம்ம காலடிச் சத்தத்துக்கே நாம பயப்பட வேண்டியிருக்கு. பசங்க வரவே மாட்டேங்கறாங்க."

மேனேஜர் இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டார். இவ்வளவு காலம் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஏசி, ஜெனரேட்டர், தண்ணீர், குப்பை என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர், ஆள் நடமாட்டத்தையும் கட்டடம்தான் தரவேண்டும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரு காலத்தில் அவர் கை ஓங்கித்தான் இருந்தது. புரோக்கர்கள் அவருடைய மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே பேசுவார்கள். ஒரு தளம் காலியாகப்போகிறது என்று மூச்சு விட்டால் போதும், மறுநாள் அளவு எடுக்க நாடாவோடு வந்து நிற்பார்கள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி. பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்பதை ஊர் உலகமெல்லாம் கண்டுபிடித்துவிட்டது. பெரிய கம்பெனிகள் முதலில் பாதித் தளத்தைத் திருப்பிக் கொடுத்தன, பிறகு மீதியையும் கொடுத்தன. பெரிசுகள் போனதும் அவர்களை நம்பியிருந்த சிறிசுகளும் ஒவ்வொன்றாகக் கம்பி நீட்டின. இப்போது வருகிற புரோக்கர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "மாசாமாசம் எடுத்துப் பாக்கறோம் சார், பிடிச்சா இருக்கோம்" என்கிறார். துணிக்கடையில் சட்டை போட்டுப் பார்க்கிற மாதிரி. அதற்கும் மேனேஜர் தலையாட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் எஞ்சியது ஐந்தாவது மாடி ஆடிட்டர் அம்மா மட்டும்தான். ஒரு காலத்தில் அவருடைய அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் இப்போது அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். ஆடிட்டர் அம்மா மட்டும் தினமும் பஸ் பிடித்து வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, தனியாக உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுப் போனார்.

அவருடைய ஒப்பந்தம் வருடக் கடைசியில் முடிகிறது. முதலாளியம்மா தொலைவில் இருந்தாள். அப்பா விட்டுப்போன கட்டடத்தைப் போனில் மட்டுமே நிர்வகிப்பவள். அவள் வளவளவென்று பேசுகிற ரகமில்லை.

"அங்கிள், அந்த ஒரு டெனன்ட் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டா நான் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கறேன். அவங்களும் போயிட்டா என்னால முடியாது. வித்துடுவேன். வாங்கறவங்க உள்ள எல்லாத்தையும் இடிச்சிட்டு ஃப்ளாட் கட்டப் போறாங்க. நீங்களும் எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவீங்க, ரெஸ்ட் எடுங்க."

ரெஸ்ட் என்றால் மேனேஜருக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது என்று அர்த்தம். அவருடைய மனைவி மகளின் பிரசவத்துக்குப் போனவள், குழந்தை நடக்கட்டும் என்று இருந்தாள், பேசட்டும் என்று இருந்தாள், பிறகு அடுத்த பிரசவமும் வந்துவிட்டது. வீடியோவில் கூப்பிட்டால் பேரனைத் திரை முழுக்கக் காட்டுவாள். "தாத்தாவுக்கு டாட்டா காட்டு" என்பாள். குழந்தை டாட்டா காட்டியதும் பேச்சு முடிந்துவிடும். வீட்டில் அவர் போட்ட பொருள் போட்ட இடத்திலேயே கிடந்தது. அதை எடுத்து வைத்ததற்காகச் சண்டை போடக்கூட ஆளில்லை. கட்டடத்துக்கு வந்தால் காலையில் ஒருவர் "குட் மார்னிங் சார்" என்றார், மாலையில் அவரே "வரேன் சார்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் மனிதர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே ஆடிட்டர் அம்மாவை எப்படியாவது நிறுத்திவைத்தாக வேண்டும். அந்த அம்மாவுக்குப் பயம் தட்டிவிடக் கூடாது. இரண்டாவது மாடிக்காரர் சொன்ன பாடம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

முதலில் காலி மாடிகளில் விளக்கைப் போட்டு வைத்தார். தெருவிலிருந்து பார்த்தால் கட்டடம் களையாகத் தெரிந்தது. பிறகு லிஃப்டை வெறுமனே மேலும் கீழும் அனுப்பினார். ஐந்தாவது மாடியில் நிற்பவருக்கு யாரோ போய் வருகிறார்கள் என்று தோன்ற வேண்டும். மின்கட்டணத்தைப் பார்த்து முதலாளியம்மா கேள்வி கேட்டபோது, "பார்ட்டி பார்க்க வராங்கம்மா, இருட்டா இருந்தா எப்படி" என்று சமாளித்தார்.

அப்புறம்தான் ஆறாவது மாடி யோசனை வந்தது. அங்கிருந்த கம்பெனி காலி செய்யும்போது, இடத்தை வாங்கினபடியே திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனைப்படி கம்பளத்தையெல்லாம் உரித்துக்கொண்டு போயிருந்தது. வெறும் தரை. நடந்தால் கீழே நன்றாகக் கேட்கும். யாருக்கும் வேண்டாத நாலைந்து நாற்காலிகளும் கால் ஆடுகிற ஒரு நீள மேஜையும் கிடந்தன. மேனேஜர் வீட்டிலிருந்து மகள் கல்யாணத்துக்கு வாங்கிய தோல் ஷூவை எடுத்துவந்தார். காலையில் ஆடிட்டர் அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பின்பக்கப் படியேறி ஆறாவது மாடிக்குப் போய், ஷூவை மாட்டிக்கொண்டு நடந்தார்.

முதல் நாள் கூச்சமாகத்தான் இருந்தது. மூட்டு வலிக்காரர் மாதிரி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை போய் வந்தார். போகப் போகத் தொழில் பிடிபட்டுவிட்டது. ஒரே ஆள் நடக்கிற மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று, குதிகாலை ஊன்றி ஒரு நடை, விறுவிறுவென்று ஒரு நடை, காலைத் தேய்த்துக்கொண்டு ஒரு நடை என்று பிரித்துக்கொண்டார். ஊன்றி நடப்பவர் பாஸ். விறுவிறுப்பு எப்போதும் தாமதமாக வருகிற பெண். தேய்ப்பவன் சோம்பேறி, ஆனால் வேலையில் கெட்டிக்காரன். நாற்காலியை இழுத்துப் போட்டு மீட்டிங் வைத்தார். மீட்டிங் என்றால் சிரிப்பில்லாமலா? ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தும் பார்த்தார். வெற்றுத் தளத்தில் அது நாலு பேர் சிரித்த மாதிரி கேட்டது. மதியச் சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுபோய்விட்டார். சும்மா சொல்லக் கூடாது, வீட்டில் சாப்பிடுவதைவிட அங்கே நாலு வாய் கூடவே இறங்கியது.

பலன் உடனே தெரிந்தது. ஆடிட்டர் அம்மா ஒரு மாலை லிஃப்டிலிருந்து இறங்கியதும் நேராகக் கீழ்த்தளத்தில் மேனேஜரின் மேஜைக்கு வந்தார்.

"மேல யாரோ வந்திருக்காங்க போலிருக்கே சார்?"

"ஆமாம்மா. டிசைன் பண்ற கம்பெனி. எல்லாம் சின்ன வயசு."

"அதான் பார்த்தேன். எப்பப் பார்த்தாலும் சிரிப்புதான். நல்லா இருக்கு, கட்டடத்துக்கு உயிர் வந்த மாதிரி."

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். பாராட்டு கிடைத்தால் அவருக்கு வாய் நிற்காது. பாஸ் கொஞ்சம் கண்டிப்பானவர் என்றார். ஒரு பெண் தினமும் லேட்டாக வந்து திட்டு வாங்குகிறாள் என்றார். மதியம் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள் என்றும் ஒரு போடு போட்டார்.

"எல்லாருமா சேர்ந்தா?" என்று ஆடிட்டர் அம்மா கேட்டார்.

"ஒரு வீட்டு ஆளுங்க மாதிரிம்மா."

"கொடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். மேனேஜர் அந்த வார்த்தையைக் கட்டடத்துக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் ஒரு விசாரிப்பு. அந்தப் பெண் இன்றைக்காவது நேரத்துக்கு வந்தாளா? நேற்று ஏன் நாற்காலியை அப்படி இழுத்தார்கள், இடம் மாற்றினார்களா? மேனேஜர் அள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார். அவர்களை ஏன் லிஃப்டில் பார்க்கவே முடிவதில்லை என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் விழித்தார். மதியத்தை ஒட்டி வருகிறார்கள், கார் நிறுத்துமிடத்திலிருந்து பின்பக்க லிஃப்டில் நேராக ஏறிவிடுகிறார்கள் என்று சொல்லித் தப்பித்தார். பஸ்ஸில் வருகிற அம்மாவுக்குக் கார் நிறுத்துமிடத்தில் என்ன வேலை?

"ஒருநாள் மேல போய் ஒரு ஹலோ சொல்லிட்டு வரலாம்னு பாக்கறேன்."

"அவங்க ரொம்ப பிஸிம்மா" என்றார் மேனேஜர் அவசரமாக. "நானே தேவையில்லாம போறதில்ல."

ஆடிட்டர் அம்மா சரி என்று தலையசைத்தார். மேனேஜரும் விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தார்.

ஒப்பந்தம் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தபோது ஒரு மதியம் மேனேஜர் மேலே ஜோராக மீட்டிங் நடத்திக்கொண்டிருந்தார். பாஸ் இரண்டு நடை நடந்து முடித்து, நாற்காலிகள் இழுபட்டு, பெருஞ்சிரிப்பு ஒன்றும் சிரித்தாயிற்று. அந்தச் சமயத்தில் கதவு தட்டப்பட்டது.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவு பனிக்கண்ணாடி. அதில் ஒரு உருவம் மங்கலாகத் தெரிந்தது. கையில் சதுரமாக ஒரு பெட்டி.

"எக்ஸ்க்யூஸ் மீ" என்றது ஆடிட்டர் அம்மாவின் குரல். "நான் கீழ் ஆபீஸ்ல இருக்கேன். தொந்தரவு பண்ண வரல."

மேனேஜர் ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கியபடியே நின்றார். கீழே வைத்தால் ஷூ சத்தம் கேட்டுவிடும்.

மறுபடி தட்டினார். "இன்னைக்கு எனக்குப் பிறந்தநாள். கேக் வாங்கினேன், தனியா வெட்ட ஒரு மாதிரியா இருந்துச்சு. நீங்கள்லாம் இருக்கீங்களேன்னு..." சிரித்துக்கொண்டே ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

திறந்துவிடலாமா என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. திறந்தால் என்ன இருக்கும்? வெறும் தரை, உடைந்த மேஜை, கல்யாண ஷூ போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிற வயதான ஆள். இத்தனை மாதமாகத் தன் தலைக்கு மேல் இந்த ஆள்தான் நடந்துகொண்டிருந்தான் என்று தெரிந்தால் எந்தப் பெண் அந்தக் கட்டடத்தில் இன்னொரு நாள் இருப்பாள்? கையெழுத்தாவது ஒன்றாவது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். உருவம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கண்ணாடியிலிருந்து விலகியது. லிஃப்ட் வரவில்லை, படியில் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது.

அடுத்து அவர் செய்ததுதான் அவரைத் தவிர வேறு யாரும் செய்யாத காரியம். கீழே கதவு சாத்துகிற சத்தம் வந்ததும், ஐயோ, இப்படியே சத்தம் இல்லாமல் இருந்தால் அந்த அம்மா ஏதோ தப்பு என்று நினைப்பாரே, பயந்துவிடுவாரே என்று பதறிப்போய், பழையபடி நடக்க ஆரம்பித்தார். பாஸ் நடந்தார். விறுவிறுப்புப் பெண் குறுக்கே போனாள். நாற்காலி இழுபட்டது. தொழில் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு சிரிப்பையும் சிரித்து வைத்தார்.

மாலையில் ஆடிட்டர் அம்மா அந்தப் பெட்டியோடு இறங்கி வந்தார். கேக் வெட்டப்படாமல் முழுசாக இருந்தது.

"எடுத்துக்கோங்க சார். பிறந்தநாள்."

"அடடா, சொல்லவே இல்லையேம்மா! வாழ்த்துக்கள். உங்க ஆபீஸ் பசங்க வரலியா?"

"போன் பண்ணினாங்க. வீட்ல எல்லாருக்கும் வேலை." அவர் கத்தியை நீட்டினார். "நீங்களே வெட்டிடுங்க."

மேனேஜர் அசடு வழிந்துகொண்டே ஒரு ஓரத்தில் வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். மேல் மாடியைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாததை மேனேஜர் நல்லதாகவே எடுத்துக்கொண்டார். அவர் எதையும் பெரிதாக மனதில் போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்து, கையெழுத்து நிச்சயம் என்று முதலாளியம்மாவுக்குப் போனில் சொல்லியும்விட்டார்.

அதற்குப் பிறகு ஆடிட்டர் அம்மா மேல் மாடியைப் பற்றி விசாரிக்கவே இல்லை. காலையில் "குட் மார்னிங்" மட்டும் இருந்தது.

புது ஒப்பந்தத்தைத் தயார் செய்து, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சில் குறி வைத்து, மேனேஜர் காத்திருந்தார். ஆடிட்டர் அம்மா வந்தார், எதிரில் உட்கார்ந்தார். காகிதத்தைக் கையில் எடுக்கவே இல்லை.

"நான் தொடரல சார்."

மேனேஜர் தனக்குத் தெரிந்த அத்தனை அஸ்திரங்களையும் ஒன்றாக எடுத்துவிட்டார். "வாடகையைக் குறைச்சுடலாம்மா. முதல் கொஞ்ச மாசம் வாடகையே வேண்டாம்னு முதலாளியம்மாகிட்ட நான் பேசறேன். பெயிண்ட் அடிச்சுத் தரேன். பாதி இடம் போதும்னா பாதியா பிரிச்சுத் தரேன். மூணு வருஷம் வேண்டாம், ஒரு வருஷம்..."

"வாடகை இல்ல சார்."

"பயமா இருக்காம்மா? ஆள் இல்லாத கட்டடம்னு..."

"ஆள் இல்லாம இருந்தா இருந்திருப்பேன் சார்." ஆடிட்டர் அம்மா சிரிக்க முயற்சி செய்தார். "வீட்ல தனியா இருக்க முடியலன்னுதான் இங்க வாடகை கொடுத்து வந்துட்டு இருந்தேன். மேல அவங்க வந்தப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வேலையை விட்டுட்டு அண்ணாந்து பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பொண்ணு வந்துட்டாளான்னு காத்துட்டு இருப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். பிறந்தநாள் அன்னைக்கு ஒரு அசட்டுத் தைரியத்துல மேல போய்த் தட்டிட்டேன்."

மேனேஜர் பென்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவரைக்கும் ஒரே சிரிப்பு. நான் தட்டினதும் சட்டுனு எல்லாரும் அமைதியாயிட்டாங்க. ஒருத்தர்கூட எழுந்து வரல. சரி, ஏதோ முக்கியமான மீட்டிங்னு நினைச்சுக்கிட்டு கீழ வந்துட்டேன். வந்து உட்கார்ந்ததும் மறுபடி நடக்கறாங்க, நாற்காலியை இழுக்கறாங்க. அப்புறம் சிரிச்சாங்க சார். என்னைப் பார்த்துத்தான் சிரிச்சாங்க, வேற எதுக்கு? தனியா இருக்கறது எனக்குப் பழகிடுச்சு. தலைக்கு மேல அத்தனை பேர் இருந்தும் நாம வேண்டாதவங்கன்னு தினமும் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கறது முடியல."

மேனேஜர் ஒப்பந்தக் காகிதத்தை ஓரமாகத் தள்ளினார். வேலை போகும், கட்டடம் போகும், எல்லாம் போகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"அம்மா, மேல யாருமே இல்லம்மா. சத்தியமா சொல்றேன். அது நான்தான். நான்தான் நடந்தேன்."

ஆடிட்டர் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர் சொல்கிற ஆறுதலைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்.

"உங்க நல்ல மனசு சார். என்னைத் தேத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்ல வேண்டாம். அத்தனை பேர் காலடியும் எனக்குத் தனித்தனியா தெரியும்."

"இல்லம்மா, நிஜமாவே! வாங்க, சாவி என்கிட்டதான் இருக்கு. இப்பவே மேல போகலாம், உங்க கண்ணாலயே பாருங்க." அவர் எழுந்தேவிட்டார்.

ஆடிட்டர் அம்மா நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம் சார், தயவு செஞ்சு. இன்னொரு தடவை அந்தக் கதவு முன்னாடி போய் நிக்க என்னால முடியாது."

மேனேஜர் நின்றது நின்றபடி நின்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா போக முடியும்? மெல்ல உட்கார்ந்தார். ஆடிட்டர் அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாதக் கடைசியில் ஆள் வந்து சாமான்களை எடுத்துக்கொள்ளும் என்றார். இனிமேல் தான் வரப்போவதில்லை என்றும் சொன்னார். கண்ணாடிக் கதவுவரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு அவங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல சார். சின்னப் பிள்ளைங்க. நான் கிளம்பிட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க."

"சரிம்மா" என்றார் மேனேஜர். "சொல்லிடறேன்."